பஞ்சுப் போர்வைத் தையல்: புதிதாய்த் தொடங்குவோர்க்குப் பொது உதவி

வங்கத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, இராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் ரல்லி, கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களிடையே கவந்தி என்று பல பெயர்களில், துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் கலை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இவையனைத்தும் கைத்தையலாகப் பிறந்தவை. பழம் புடைவையும் வேட்டியும் வீணாகாமல் மறுபடியும் பயன்பட வேண்டும் என்ற இல்லத்துச் சிக்கனமே இவற்றின் தாய். ஜெய்ப்பூரின் ரஜாய் இவற்றினின்றும் சற்று வேறானது. நன்கு கொட்டிப் பதப்படுத்திய பருத்திப் பஞ்சை இரு மெல்லிய துணிகளுக்கிடையே பரப்பித் தைக்கப்படுவதால் எடையில் குறைந்தும் வெம்மையில் மிகுந்தும் அது பெயர் பெற்றது.

இவ்வேலையின் ஒரு பகுதி இன்று தையல் இயந்திரத்துக்கு மாறியிருக்கிறது. கைத்தையல் உயர்ந்தது, இயந்திரத் தையல் தாழ்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. கலைப்பொருள் வாங்குவோர்க்கு அவ்வாதம் பொருந்தலாம். அன்றாடப் பயன்பாட்டுக்குப் போர்வை, மெத்தை விரிப்பு, குழந்தைத் துணி ஆகியவற்றை வாங்கும் எளிய குடும்பம், விலையையும் சலவைக்குத் தாங்குவதையும்தான் பார்க்கிறது. அந்தச் சந்தைக்குத் தைத்துக் கொடுத்து நாளுக்குச் சில நூறு ரூபாய் ஈட்ட விரும்பும் பெண்களின் எண்ணிக்கை சிறிதன்று. அவர்கள் தொழிலில் இறங்கும் முதல் சில மாதங்களைப் பற்றியதே இக்கட்டுரை. ஏனெனில் இத்தொழிலில் தோல்வியடைபவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே தோல்வியடைகின்றனர்.

தோல்வி என்பது இங்கு நட்டக் கணக்காக வெளிப்படுவதில்லை. முதலில் ஒரு போர்வை சுருங்கிப் போகிறது. கொடுத்தவர் துணியின் விலையைக் கூலியில் பிடித்துக் கொள்கிறார். அடுத்ததில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறது. இயந்திரம் பழுது என்று முடிவு செய்து, அதன்மீது ஒரு பழந்துணியைப் போர்த்தி மூலையில் வைத்துவிடுகிறாள் அப்பெண். இயந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. கடன் தவணை மட்டும் தொடர்ந்து வருகிறது.

மூன்றடுக்கின் சிக்கல்

சட்டை தைக்கத் தெரிந்தவர்க்குப் போர்வை தைக்கவும் தெரியும் என்று கருதுவது இயல்பு. திட்டம் வகுப்போரும் அவ்வாறே கருதுகின்றனர். இவ்விரண்டும் வேறுவேறு வேலைகள் என்பதைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அடியில் உள்ள பற்கள் துணியைப் பின்னோக்கி நகர்த்துகின்றன. மேலிருந்து பாதம், அதாவது தையற்காரர் ‘புட்’ என்று சொல்லும் உறுப்பு, துணியை அழுத்திப் பிடிக்கிறது. ஒன்றிரண்டு மெல்லிய துணிகளாயின் இவ்விரு விசைகளும் இணங்கிச் செல்லும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கு வரும்போது இணக்கம் கெடுகிறது. பற்கள் அடித்துணியை மட்டும் இழுத்துச் செல்ல, மேல்துணி பாதத்தில் உராய்ந்து பின்தங்கி முன்னால் குவிகிறது. ஒரு வரி முடியுமிடத்தில் அக்குவியல் மடிப்பாக விழுகிறது. குறுக்கே அடுத்த வரி வரும்போது மடிப்பின்மேல் மடிப்பு. புதியவர் துணியைக் கையால் பிடித்து இழுத்து இதைச் சரிசெய்ய முயல்கிறார். ஊசி வளைந்து தகட்டில் மோதி ஒடிகிறது.

பரிகாரங்கள் பல உண்டு, செலவில்லாதவையும் உண்டு. இயந்திரத்தில் ஏற்றுமுன் மூன்றடுக்கையும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தடவிப் பரப்பி, ஒரு கையகல இடைவெளியில் நூலோட்ட வேண்டும் அல்லது ஊக்குகளால் கோக்க வேண்டும். முதல் வரியை நடுவில் தைத்து, அதன்பின் இருபுறமும் வெளிநோக்கிச் செல்ல வேண்டும். தையலின் நீளத்தைச் சட்டைத் தையலைவிடக் கூட்டி, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டராக வைக்க வேண்டும். பாதத்தின் அழுத்தத்தைத் திருகினால் தளர்த்த வேண்டும். அடித்துணி நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். மேல்துணியையும் பற்களோடு சேர்ந்து நகர்த்தும் ‘வாக்கிங் புட்’ என்னும் தனிப்பாதம் கிடைத்தால் நேர்வரித் தையலில் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால் ஆண்டில் சில மாதமே பயன்படும் இப்பாதத்தை ஒவ்வொருவரும் விலை கொடுத்து வாங்குவது கட்டுபடியாகாது. பொது உதவி என்னும் கருத்து தொடங்கும் இடங்களுள் இது ஒன்று.

வளைவும் பூவும் கொடியுமாகத் தைப்பது வேறொரு நுட்பம். அதற்குப் பற்கள் வேலை செய்யக்கூடாது. சில இயந்திரங்களில் அவற்றைக் கீழே இறக்கும் அமைப்பு உண்டு. சிலவற்றில் ஒரு தகட்டால் மூட வேண்டும். அதுவும் இல்லையெனில் தையல் நீளத்தைச் சுழியில் வைத்தால் பற்கள் ஆடினாலும் துணியைத் தள்ளமாட்டா. அதன்பின் துணியை நகர்த்துவது தைப்பவரின் இரு கைகளே. இயந்திரத்தின் வேகத்துக்கும் கையின் வேகத்துக்கும் உள்ள பொருத்தமே தையலின் நீளத்தை முடிவு செய்கிறது. கையால் சக்கரம் சுழற்றும் இயந்திரத்தில் ஒரு கை சக்கரத்திலேயே இருப்பதால் இத்தையல் இயலாத காரியம். மிதி இயந்திரத்தில் பழகினால் வரும். மோட்டார் பொருத்தினால் எளிது. இயந்திரம் வழங்கும் திட்டங்களில் எவ்வகை இயந்திரம் என்று முடிவு செய்வோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, புதியவர்களை மிகவும் கலங்கச் செய்யும் ஒரு குறையைப் பார்ப்போம். மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகத் தெரியும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கூடுபோல் சுருண்டு கிடக்கும். குறை அடியில் தெரிவதால் குற்றம் பாபினுடையது என்று எண்ணி, பாபின் கேஸிலுள்ள சிறு திருகைத் திருகுவார்கள். உண்மையில் குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். பாதம் தாழ்ந்திருக்கும்போது மேல்நூலைக் கோத்தால் அது இழுவிசைத் தட்டுகளுக்கிடையே சரியாக உட்காராது. பிடிமானமின்றித் தாராளமாக இறங்கி அடியில் குவியும். பாதத்தை உயர்த்தி மறுபடி கோத்தாலே போதும். வளைவுத் தையலில் பாதத்தை இறக்க மறந்து தைக்கத் தொடங்கினாலும் இதே கூடுதான் வரும். செலவின்றி அரை நிமிடத்தில் தீரவேண்டிய ஒன்றுக்காகப் பாபின் திருகு கெட்டு, பழுதுபார்ப்பவர் வரும் நாள்வரை வேலை நின்றுவிடுகிறது. காரணம் ஓரிடத்திலும் விளைவு வேறிடத்திலும் தோன்றுவது பொருளாதாரத்தில் நமக்குப் பழகிய செய்தி. இயந்திரத்தின்முன் தனியே அமர்ந்திருப்பவர்க்கு அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அறிவு ஏன் பரவுவதில்லை

ஒரே தொழிலினர் அருகருகே வாழும் ஊர்களில் தொழில் நுணுக்கம் தனியார் இரகசியமாக இராமல் ஊர்ப் பொதுவாகிவிடும் என்பதை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட பொருளாதார நூலில் எடுத்துக் காட்டினார். செய்யச் செய்ய வருவதே திறன் என்பதைப் பொருளாதாரக் கோட்பாடாக வகுத்துக் கென்னத் ஆரோ 1962-இல் எழுதினார். இவ்விரண்டும் போர்வைத் தையலுக்குப் பொருந்துமா? ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் பொருந்தும். பஞ்சு கொட்டுவோர், அச்சிடுவோர், தைப்போர், விற்போர் ஆகியோர் அங்கே சில தெருக்களுக்குள் அடங்குகின்றனர். ஐயம் வந்தால் அடுத்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சுய உதவிக் குழுவின் மூலம் கடன் பெற்று, சிற்றூரில் முதன்முதலாக இத்தொழிலைத் தொடங்கும் பெண்ணுக்கு அத்தகைய தெரு இல்லை. அவள் கற்றது அவளோடு நிற்கிறது. பக்கத்து ஊரில் இன்னொருத்தி அதே பாடத்தை அதே விலை கொடுத்து மறுபடியும் கற்கிறாள்.

இவ்விலையை ஒரு கணக்குக்காக மதிப்பிட்டுப் பார்ப்போம். ஓர் ஒன்றியத்தில் முப்பது பெண்கள் ஓராண்டில் இவ்வேலையைத் தொடங்குவதாகக் கொள்வோம். நூல் கூடு, மடிப்பு, ஊசி ஒடிதல், தையல் விடுதல் ஆகிய நான்கு குறைகளுக்கும் பரிகாரம் காண ஒவ்வொருவருக்கும் தலா ஒரு நாள் வீணாகும் என்று மிகக் குறைத்தே வைத்தாலும் 120 வேலை நாட்கள் போகின்றன. பரிகாரத்தை எழுதி வைத்துக் காட்டியிருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். எழுதி வைப்பவருக்கு ஆகும் நேரம் சில நாட்களே. ஆயினும் எவரும் எழுதுவதில்லை. நன்மை முப்பது பேருக்கும் பரவுகிறது. உழைப்பு எழுதுபவர் தலையில் விழுகிறது. பொதுப்பொருள்கள் போதிய அளவில் உருவாகாமைக்குச் சொல்லப்படும் காரணம் இதுவே. அரசோ கூட்டமைப்போ தலையிட நியாயம் பிறப்பதும் இங்கேதான்.

கைப்பேசியில் காணொளிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, பயனும் தருகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் தோன்றும் இயந்திரம் வேறு, பஞ்சு வேறு, நூல் வேறு, விலையும் வேறு. ஒழுங்காக வருவது எப்படி என்று அவை காட்டுகின்றன. ஒழுங்கு தவறியதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்க்கு வேண்டியது வேறொன்று.

ஏடும் துணிப்பலகையும்

பொது உதவி என்றவுடன் கட்டடம், திறப்பு விழா, பெயர்ப்பலகை என்று எண்ணம் ஓடுவது நம் நிருவாகத்தின் பழக்கம். இதற்கு அவை எதுவும் தேவையில்லை. குழுக் கூட்டம் நடக்கும் கூடத்தில் ஓர் அலமாரியும் ஒரு சுவரும் போதும்.

சுவரில் தொங்க வேண்டியது துணி மாதிரிகள். ஒரு சாண் அகலமுள்ள மூன்றடுக்குத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் வேண்டுமென்றே ஒரு குறையைத் தைக்க வேண்டும். அதனருகே அக்குறை நீங்கிய துண்டு. நூல் கூடு கட்டிய துண்டு ஒன்று. மடிப்பு விழுந்தது ஒன்று. மொட்டை ஊசியால் தையல் விட்டுப்போனது ஒன்று. வரிகளின் இடைவெளி மிகுந்ததால் சலவைக்குப்பின் பஞ்சு திரண்டுபோனது ஒன்று. இவற்றை அட்டையில் ஒட்டிவிடக் கூடாது. குறையின் பாதி அடிப்பக்கத்தில்தான் தெரியும். திருப்பிப் பார்க்க வேண்டும், தடவிப் பார்க்க வேண்டும். எழுத்தறியாதவர்க்கும் இப்பலகை பேசும். தன் கையிலுள்ள கெட்ட துணியைக் கொண்டுவந்து, சுவரில் அதைப் போன்றது எது என்று தேடினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது ஏடு. இயந்திரத்தின் உறுப்புகளை வரிசையாக விளக்கும் கையேடு ஏற்கெனவே இயந்திரத்துடன் வருகிறது. அது பெரும்பாலும் திறக்கப்படாமலே இருக்கிறது. அதில் தேட வேண்டுமாயின் எந்த உறுப்பில் குற்றம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் ஏட்டைத் தேடவே வேண்டியதில்லை. ஆகவே நம் ஏடு கண்ணில் படும் அடையாளத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘அடியில் நூல் சுருள்கிறது’, ‘வரியின் கடைசியில் மடிப்பு விழுகிறது’, ‘தடித்த இடத்தில் தையல் விடுகிறது’ என்பவையே தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் சோதிக்க வேண்டியவற்றைச் செலவின் வரிசையில் எழுதுவது நலம். மறுபடி நூல் கோப்பதற்குச் செலவில்லை. ஆகவே அது முதல். ஊசி முழுதும் மேலேறி, அந்த இயந்திரத்துக்கு உரிய பக்கம் திரும்பிப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் செலவில்லை. ஊசியை மாற்றுவது சில ரூபாய். தடித்த அடுக்குக்கு 16-ஆம் எண், மிகத் தடித்ததற்கு 18-ஆம் எண் ஊசி வேண்டியிருக்கும். தகட்டைக் கழற்றி அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியைத் துடைத்து எண்ணெய் விடுவது கால் மணி நேர வேலை. பருத்திப் பஞ்சில் வேலை செய்வோர்க்கு இத்தூசிதான் நிரந்தரப் பகை. பாபின் திருகு இவ்வரிசையில் கடைசி. அதைத் தொடுமுன் அது நின்ற நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஏட்டில் முரண்பாடுகள் வரும். வரிகளுக்கிடையே நான்கு விரற்கடைக்குமேல் இடம் விடலாகாது என்று ஒருவர் எழுதுவார்; ஒரு சாண் விட்டாலும் கெடுதலில்லை என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் உண்மையே சொல்கின்றனர். முன்னவர் தைத்தது கொட்டிய பருத்திப் பஞ்சு; நெருக்கித் தைக்காவிடில் சலவையில் திரளும். பின்னவர் தைத்தது தாளாக வரும் பாலியஸ்டர் பஞ்சு. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நகராது. எனவே எந்தக் குறிப்பையும் அடித்துத் திருத்தாமல், எந்த இயந்திரம், எந்தப் பஞ்சு, எந்த நூல், எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துவிட்டால் முரண் அறிவாக மாறும். மேல்துணியை முன்னதாக நனைத்து உலர்த்தினாரா என்பதும் குறிக்கத்தக்கதே. நனைக்காத பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கித் தையலைச் சுளிக்கச் செய்கிறது.

மொழியைப் பற்றி ஒரு சொல். இத்தகைய ஏடுகளை அலுவலகங்கள் தயாரிக்கும்போது கலைச்சொல் ஆர்வம் மேலிட்டுவிடுகிறது. ‘பாபின்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று படைக்க என்னாலும் இயலும். ஏடு தூய்மை பெறும், படிப்பார்தாம் இரார். தைப்பவர்கள் தங்களுக்குள் எச்சொல்லால் பேசிக்கொள்கின்றனரோ அச்சொல்லாலேயே எழுதுவதே முறை. அது குஜராத்தியாயினும் மராத்தியாயினும் தமிழாயினும் அவ்வாறே.

அலமாரியில் இருக்க வேண்டியவை ஓரிரு வாக்கிங் புட், வளைவுத் தையலுக்கான பாதம், பற்களை மூடும் தகடு, பல எண் ஊசிகள், திருப்புளி, தூரிகை, எண்ணெய், ஓர் அளவுகோல். இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஏட்டை எத்தனை பேர் படித்தாலும் அது குறைவதில்லை. கவனிப்பாரின்றி விட்டால்தான் பழசாகிப் பயனற்றுப் போகிறது. அலமாரிப் பொருளோ ஒருவர் எடுத்தால் மற்றவர்க்கு இல்லை. ஊசி தேய்கிறது, பாதம் காணாமற் போகிறது. பொது வளங்களை மக்களே விதிவகுத்துக் காத்துக்கொள்ள இயலும் என்று 1990-இல் வெளிவந்த ஆய்வு நூலில் நிறுவி, 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், அவ்விதிகள் வளத்தின் இயல்புக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதை வற்புறுத்தினார். தமிழ்நாட்டில் ஏரி காக்கக் குடிமராமத்து வகுத்த முன்னோர் இதை அறிந்தே இருந்தனர். ஏட்டுக்கு வேண்டிய விதி, எழுதுவதற்கு ஊக்கமளிப்பது. அலமாரிக்கு வேண்டிய விதி, எடுத்ததைத் திருப்புவது. இரண்டையும் ஒரே பதிவேட்டில் ஒரே விதியின்கீழ் வைத்தால், பாதம் தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். ஏடும் உள்ளே பூட்டப்பட்டுவிடும்.

கற்பிப்பவரின் கூலி

எழுதியது எதுவாயினும், கேட்டுப் பதில் பெற ஓர் ஆள் வேண்டும். வாரத்தில் ஒருநாள் கூடத்தில் அமர்ந்து புதியவர்களின் துணியைப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள ஒரு பெண். இதை அவர் தொண்டாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது, நியாயமன்று. உருப்படிக் கூலியில் வாழ்பவர்க்கு ஒரு நாள் கற்பிப்பது ஒரு நாள் கூலி இழப்பது. அந்த நாட்கூலியைக் கூட்டமைப்பு கொடுத்தாக வேண்டும். முன்னர்க் கண்ட 120 நாட்களோடு ஒப்பிட்டால், வாரம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 52 நாட்கூலி என்பது மிகையான செலவன்று.

ஆனால் கூலி இழப்பு மட்டுமே தடையன்று. வெளிப்படையாகப் பேசப்படாத மற்றொரு தடையும் உண்டு. இன்று கற்றுக்கொடுத்தால் நாளை அவள் எனக்குப் போட்டியாகக் குறைந்த கூலிக்குத் தைப்பாள் என்னும் அச்சம் அது. இதைச் சிறுமை என்று ஒதுக்கக் கூடாது. வேலை கொடுப்பவர் ஒருவர், தைப்போர் பலர் என்ற நிலையில் திறனுள்ளோர் பெருகப் பெருக உருப்படிக் கூலி இறங்கும் என்பது எளிய பொருளாதாரம். அறிவை மட்டும் பொதுவாக்கி, கூலியைத் தனித்தனிப் பேரத்துக்கு விட்டால், அறிவைக் கொடுத்தவரே அதற்கு விலை செலுத்துகிறார்.

இவ்விடத்தில் அகமதாபாத்தின் அனுபவம் நமக்கு உதவுகிறது. அந்நகரின் பழம்பகுதியான தரியாப்பூரில், பருத்தி ஆலைகளில் கழிந்த துணித்துண்டுகளை இயந்திரத்தில் ஒட்டுத் தையலிட்டுக் ‘கோல்’ எனப்படும் பஞ்சுப் போர்வை உறைகளாக்கும் தொழிலில் ஏராளமான பெண்கள் ஈடுபட்டிருந்தனர். பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினர். வணிகர் துண்டுகளைக் கொடுப்பார். பெண்கள் வீட்டில் தைத்துத் திருப்புவர். கூலி உருப்படிக் கணக்கில். எலா பட் அவர்களின் முயற்சியால் 1972-இல் தொழிற்சங்கமாகப் பதிவுபெற்ற சேவா அமைப்பு, 1970-களின் இறுதியில் இப்பெண்களை ஒன்றுதிரட்டிக் கூலி உயர்வு கேட்டது. கேட்டவர்களுக்கு வணிகர் வேலை தர மறுத்தபோது, பெண்களே துண்டுகளை வாங்கித் தைத்து விற்கும் ஏற்பாடு தோன்றி, ‘சபீனா’ என்னும் கூட்டுறவுச் சங்கமாக வளர்ந்தது. அதே நகரின் ஆலைகள் 1980-களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. மூலப்பொருளின் ஊற்றே வற்றும்போது எந்தச் சங்கமும் இடர்ப்படும். எனினும் நாம் கவனிக்க வேண்டியது வரிசை முறையை. கூலி பற்றிய ஒற்றுமை ஏற்பட்ட இடத்தில் திறனை ஒளித்து வைப்பதற்கான காரணம் குறைகிறது. ஆகவே உதவி ஏட்டின் முதற் பக்கத்தில், இன்ன அளவுப் போர்வைக்கு இன்ன கூலிக்குக் குறைந்து தைப்பதில்லை என்று குழுவினர் கூடி முடிவு செய்த பட்டியல் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். தொழில்நுட்ப ஏட்டில் கூலிப் பட்டியல் எதற்கு என்று வினவும் அதிகாரிகள் இருப்பார்கள். அப்பக்கம் இல்லாவிடில் மற்றப் பக்கங்கள் எழுதப்படா என்பதே அவர்களுக்கு விடை.

திட்டங்களில் இதற்கு இடம்

பயிற்சி கொடுத்துக் கருவி வழங்கும் திட்டங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. ஊரக இளைஞருக்குச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சியளிக்கும் டிரைசெம் திட்டம் 1979 ஆகஸ்டு 15 அன்று தொடங்கி, 1999-இல் வேறொரு திட்டத்தில் இணைக்கப்படும் வரை நடந்தது. தையல் அதில் பரவலாகக் கற்பிக்கப்பட்ட தொழில். பயிற்சி முடித்தோரில் பலர் தொழிலில் நிலைக்கவில்லை என்பது அக்காலத்திலேயே விவாதத்துக்கு உள்ளான செய்தி. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் தையலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாட்கள், நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை மின்சீட்டு, முதல் தவணையில் ஒரு லட்சம், பின்னர் இரண்டு லட்சம் ரூபாய் கடன், வட்டி ஐந்து விழுக்காடு என்று அது வகுக்கப்பட்டது. பணத்தைப் பொறுத்தவரை இவை தாராளமான விதிகள். ஆனால் ஏழு நாட்களில் கற்பிக்கக் கூடியவை சில. எட்டாம் நாள் வீட்டில் தனித்து இருக்கையில் எழும் ஐயங்கள் பல.

அந்த எட்டாம் நாளை உணர்ந்த அமைப்பு ஒன்று ஏற்கெனவே நம்மிடம் உண்டு. கருநாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தோன்றிய பயிற்சி நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வங்கிகளின் பொறுப்பில் மாவட்டந்தோறும் நிறுவப்பட்ட ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், பயிற்சிக்குப்பின் இரண்டாண்டு உடனிருந்து கைதூக்கிவிடுவதைத் தம் கடமையாக ஏற்றுள்ளன. ஆனால் உடனிருத்தல் என்பது எப்போதோ ஒருமுறை விசாரிப்பதும் படிவம் நிரப்புவதுமாகச் சுருங்கிவிடக் கூடாது. அந்நிலையம் தன் முதல் அணிக்கே துணிப்பலகையைத் தைக்கச் சொல்லலாம். குறையை வேண்டுமென்றே தைக்கத் தெரிந்தவர் அக்குறையை வாழ்நாளில் மறவார். பயிற்சியாகவும் ஆயிற்று, அடுத்த அணிக்கு நூலகமாகவும் ஆயிற்று. 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் அமைந்த ஊர்க் கூட்டமைப்புகளிடம் கூடமும் அலமாரியும் கணக்கு எழுதுவோரும் உள்ளனர். வாரம் ஒரு நாள் கூலியையும் ஊசிச் செலவையும் தம் சமூக முதலீட்டு நிதியின் வருவாயிலிருந்து அவை ஏற்கலாம். பெருந்தொகை ஒதுக்கப்படும் தொழிற்குழும வளர்ச்சித் திட்டங்களின் பொது வசதி மையங்களில் கணினித் தையல் இயந்திரம் வாங்குவதற்கு முன்பாகவும் இவ்வேற்பாட்டைச் செய்து பார்க்கலாம்.

இதன் வெற்றியை அளக்கும் முறையையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது. எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்ற எண்கள் போதா. பயிற்சி முடிந்து ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் வீடுகளுக்குச் சென்று, இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருக்கிறதா, ஊசியில் நூல் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏட்டில் அந்த ஆண்டு புதிதாக எழுதப்பட்ட குறிப்புகள் எத்தனை, எழுதியவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டும். ஒரே கையெழுத்தில் ஏடு முழுதும் நிறைந்திருந்தால் அது ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.